ஸ்டேஷனைக் கழுவியவர்களின் காது

‘விசாரணை’ படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். “மொதப் பாதி உக்காந்து பாக்க முடியல, அம்புட்டு அடி. ஆனா போகப் போகப் படம் நல்லா இருக்கு.” 2016 பிப்ரவரி 5ஆம் தேதி படம் வெளிவந்தபோது பத்திரிகைக்காரர்கள் இதைக் கொஞ்சம் பெரிய வார்த்தைகளில் எழுதினார்கள். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதே சேதி சின்ன வார்த்தைகளில் வந்தது. இன்றைக்கு செல்போனில் பார்த்துவிட்டு வருகிற பையன்களும் இதைத்தான் சொல்கிறார்கள். போகப் போக நல்லா இருக்கு என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் எதனால் நல்லா இருக்கு, யாருக்கு நல்லா இருக்கு என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகிறது. அடி குறைந்துபோனதால் நல்லா இருக்கா? அடியைவிட மோசமான ஒன்று வந்து சேர்ந்ததால் நல்லா இருக்கா? இரண்டாவதுதான் காரணம் என்றால், அதை ‘நல்லா இருக்கு’ என்று சொல்ல நமக்கு வாய் எப்படி வருகிறது?

காலனியில் ஒரு வீட்டில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து டி.வி.யில் பார்த்தோம். படம் தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது, பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். “அடி வாங்குறத ஒக்காந்து வேற பாக்கணுமாக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை.

இன்னொருத்தன் வதைபடுவதைப் பார்ப்பது சரியா என்பது பழைய கேள்வி. பார்ப்பதே பாவம் என்று ஒரு கட்சி. பார்த்தால்தான் கல்மனசும் இளகும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் பார்க்கிறவனின் மனசைப் பற்றித்தான் கவலைப்படுகின்றன. அடிபடுகிறவனோ, அடிபட்டு முடித்து வீட்டுக்கு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறவனோ இந்த வழக்கில் கட்சிக்காரனே கிடையாது. அந்தப் பெரியவர் எதற்காக எழுந்து போனார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிற விஷயங்கள் தெருவில் சில உண்டு.

லாக்கப் அடி தமிழ் சினிமாவுக்குப் புதுசு இல்லை. ‘சாமி’, ‘காக்க காக்க’ இரண்டும் 2003இல் வந்தன. ‘சிங்கம்’ 2010இல் வந்தது. இந்தப் படங்களில் காக்கிச் சட்டை போட்ட கதாநாயகனுக்கு எதிரே வந்து நிற்கிறவன் எல்லாம் அடிபட வேண்டியவன், சுடப்பட வேண்டியவன். தியேட்டரில் விசில் பறந்தது. அந்த விசிலில் நம்ம பையன்களின் விசிலும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்டேஷன் வாசல்படியை மிதிக்கப் பயப்படுகிற தெருவிலிருந்து கிளம்பிப் போய், திரையில் ஸ்டேஷனுக்குள் விழுகிற அடிக்குக் கைதட்டிவிட்டு வந்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்காவது அடிக்கிறவன் பக்கம் நிற்பது ஒரு சுகம். அதை வெறும் அறியாமை என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

‘விசாரணை’ அந்தச் சுகத்தை முதல் ரீலிலேயே பிடுங்கிக்கொள்கிறது. கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவையில் ஆட்டோ ஓட்டியவர் மு. சந்திரகுமார். வீட்டைவிட்டுக் கிளம்பி ஊர் ஊராகத் திரிந்த வயதில், 1983இல், ஆந்திராவில் குண்டூரில் செய்யாத களவுக்குப் பிடிபட்டு லாக்கப்பில் கிடந்தார். அதைப் பல வருசம் கழித்து ‘லாக்கப்’ என்று புத்தகமாக எழுதினார். வெற்றிமாறனின் படத்தில் முதல் பாதி அந்தப் புத்தகத்திலிருந்து வருகிறது. பாண்டி மளிகைக் கடையில் வேலை பார்க்கிறான், ராத்திரி பார்க்கில் படுக்கிறான். அவனோடு முருகன், அப்சல், குமார். ஊரில் ஒரு பெரிய இடத்தில் களவு போய்விடுகிறது. மேலிடத்து நெருக்கடி, கேசை முடித்தாக வேண்டும். ஜாமீன் எடுக்க நாதியில்லாத நாலு கூலிக்காரன் போதும். களவாண்டவனைத் தேடுவதைவிட, ஒத்துக்கொள்கிறவனை உண்டாக்குவது சுலபம்.

இந்த நாலு பேர் யார் என்று ஆலங்குடிப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயலில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று இந்தப் பக்கம் முழுக்கத் தென்னை சாய்ந்தது. மரத்துக்குச் சொந்தக்காரனுக்கு நிவாரணம் எவ்வளவு என்று பேச்சு நடந்தது. அந்த மரத்தில் ஏறினவனுக்கும், மட்டை பொறுக்கினவளுக்கும், தேங்காய் உரித்தவனுக்கும் என்ன போச்சு என்று கணக்கு எழுத ஆள் இல்லை. அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். போன இடத்தில் கட்டிடத்திலேயே படுக்கை, பிளாட்பாரத்தில் படுக்கை. போலீஸ்காரன் லத்தியால் தட்டி எழுப்பி ‘எந்த ஊரு, என்ன பேரு’ என்று கேட்கிறபோது என்ன பதில் சொன்னால் விடுவான் என்பதை முதலில் போனவன் அடுத்து வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். இதுவும் ஒரு படிப்புதான், எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காது.

ஆகவே முதல் பாதி நம்மவர்களுக்குப் புதிய சேதி எதையும் சொல்வதில்லை. அடி உண்மையாக இருக்கிறது, வலி உண்மையாக இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அடிக்கிறவன் தெலுங்கு பேசுகிறான், அடிபடுகிறவன் தமிழ் பேசுகிறான். படம் 2015 செப்டம்பரில் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டு மனித உரிமைக்கான அம்னெஸ்டி விருது வாங்கியது. அதற்கு ஐந்து மாதம் முன்னால், ஏப்ரல் 7ஆம் தேதி, சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று இருபது தமிழ்க் கூலிகளை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றிருந்தது. அந்தச் சூடு ஆறாத நேரத்தில் முதல் பாதியைப் பார்த்தவர்களுக்கு அழுவது சுலபமாக இருந்தது. ‘நம்ம பையங்கள ஆந்திராக்காரன் அடிக்கிறான் பாரு.’ இப்படி அழுகிறவர்களில் பலர், தன் ஊர்ச் சேரியில் போலீஸ் புகுந்தபோது கதவைச் சாத்திக்கொண்டவர்கள். 1992 ஜூன் 20இல் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் பழங்குடி ஊருக்குள் நுழைந்து அடித்து நொறுக்கிப் பெண்களைச் சிதைத்தவர்கள் தமிழ் பேசுகிற வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும்தான். 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆனது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். அந்த 19 வருசத்தில் வாச்சாத்திக்காக அழுத தமிழர்களை விரல்விட்டு எண்ணலாம். அழுகைக்கும் ஊர், சேரி உண்டு.

படம் முதல் பாதியோடு நின்றிருந்தால் நான் அதை ஒரு நல்ல எண்ணமுள்ள படம் என்று சொல்லி விட்டிருப்பேன். பாதியில் அது திரும்புகிறது. குண்டூர் கோர்ட்டில் பாண்டி பாஷை தெரியாமல் உண்மையைச் சொல்லத் தவிக்கிறான். வேறு வேலையாக அங்கே வந்திருக்கிற தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் மொழிபெயர்க்கிறார். நீதிபதி விடுதலை செய்கிறார். தியேட்டர் முழுக்க மூச்சு விடுகிற இடம் இது. நம்ம பாஷை பேசுகிறவர் வந்து காப்பாற்றிவிட்டார். பதிலுக்கு அவர் ஒரு சின்ன உதவி கேட்கிறார். அவர் தேடிவந்த ஆடிட்டர் கே.கே.யைப் பிடித்து வண்டியில் ஏற்ற ஒத்தாசை. செய்கிறார்கள். செய்ய மாட்டார்களா? குமார் வழியில் இறங்கிக்கொள்கிறான். மற்ற மூன்று பேரும் ஸ்டேஷன்வரை போகிறார்கள். அங்கே இன்னொரு சின்ன உதவி. ஆயுதபூஜை வருகிறது, ஸ்டேஷனைக் கழுவித் துடைத்துச் சுத்தம் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போங்கப்பா.

படம் நல்லா ஆகிற இடம் என்று நான் சொல்வது இதைத்தான். விமர்சனம் எழுதியவர்கள் இந்த இடத்தைக் கதையை நகர்த்துவதற்கான உத்தி என்று தாண்டிப் போய்விட்டார்கள். நம்ம தெருவிலிருந்து பார்த்தால் அப்படித் தாண்ட முடியாது. அடி வாங்கின உடம்போடு, விடுதலையான சந்தோசத்தோடு, நன்றியோடு மூன்று கூலிக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனைக் கழுவுகிறார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, மிரட்டவில்லை. கேட்டார்கள், செய்கிறார்கள். கேட்கிறவருக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. முத்துவேல் நல்ல மனுசர்தான். விடுதலையான மனுசனைப் பார்த்ததும் ‘விளக்குமாத்த எடு’ என்று சொல்லத் தோன்றுவது எந்தக் கெட்ட மனசிலிருந்தும் வரவில்லை. பழக்கத்திலிருந்து வருகிறது. எத்தனை தலைமுறைப் பழக்கம் என்பதைச் சேரிக்காரன் சொல்வான்.

கிணற்றில் பிணம் மிதந்தால், தூக்கில் தொங்கி ஊறிப்போன உடம்பை இறக்க வேண்டுமென்றால், காலனிக்குத்தான் ஆள் வரும். போலீஸ்காரர் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு தள்ளி நிற்பார். நம்மாள் இறங்குவான். ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுப்பார்கள், அதுதான் கூலி. கோர்ட்டில் அந்தப் பிணத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் வேறு ஆட்கள். தூக்கினவனை யாரும் கூப்பிட மாட்டார்கள், அவன்தான் காயத்தைக் கிட்டத்தில் பார்த்தவன் என்றாலும். ஸ்டேஷன் முற்றத்தைக் கூட்டுவது, சாக்கடை அள்ளுவது, பந்தோபஸ்துக்குப் பந்தல்கால் நடுவது எல்லாமே இப்படித்தான் நடந்தது. சட்டப்படி இது வேலையும் இல்லை, தண்டனையும் இல்லை. ‘கொஞ்சம் வந்துட்டுப் போப்பா.’ இந்த ‘கொஞ்சம் வந்துட்டுப் போப்பா’வுக்குள் அய்யா இருக்கிறார், ஆண்டை இருக்கிறார், ஒரு பழைய ராஜாங்கமே இருக்கிறது. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. இந்த ராஜாங்கத்தைச் சேர்க்கத்தான் ஆள் இல்லை.

கழுவிக்கொண்டிருக்கிறவர்களின் தலைக்கு மேலே அதிகாரிகள் பேசுகிறார்கள். கே.கே. அரசியல்வாதிகளின் பணக் கணக்குத் தெரிந்த ஆடிட்டர். அவர் வாயைத் திறந்தால் யார் யார் போவார்கள், அவரை வைத்து எவ்வளவு கறக்கலாம், கடைசியில் அவரை என்ன செய்வது? குரலை ஒளிக்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கக்கூசைக் கழுவுகிறவனுக்குக் காது இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? விளக்குமாறு பிடித்த கையைத்தான் பார்த்தார்கள். காதைப் பார்க்கிறபோது காரியம் மிஞ்சிவிடுகிறது. கே.கே. செத்த பிறகு அந்த மூன்று ஜோடிக் காதுகளும் கேசுக்கு ஆபத்து ஆகிவிடுகின்றன. முதல் பாதியில், செய்யாததைச் செய்தோம் என்று சொல்லச் சொல்லி அடித்தார்கள். இரண்டாம் பாதியில், கேட்டதைக் கேட்டார்கள் என்பதற்காகக் கொல்ல வேண்டும். அதற்கு லத்தி தேவைப்படவில்லை. மேஜை, நாற்காலி, டீ, ஒரு போன், எழுதத் தெரிந்த ஒரு ஆள், அவ்வளவு போதும். அவர்கள் மேல் ஒரு கேசை எழுதுகிறார்கள். ஆள் உயிரோடு ஸ்டேஷனுக்குள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே அவன் எப்படிச் செத்தான் என்பது முடிவாகிவிடுகிறது.

2012 பிப்ரவரி 23 அதிகாலை சென்னை வேளச்சேரியில், வங்கிக் கொள்ளைக்காரர்கள் என்று ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வெளிமாநிலத்துக்காரர்கள். விடிந்ததும் எல்லாப் பத்திரிகையிலும் கதை ஒரே மாதிரி இருந்தது. ஊர் பாராட்டியது. ‘விசாரணை’யின் இரண்டாம் பாதியைப் பார்த்தவன் அதற்குப் பிறகு என்கவுண்டர் சேதியைப் பழைய மாதிரி படிக்க மாட்டான் என்று நினைக்கிறேன். அந்த மட்டுக்கும் படம் ஒரு வேலை செய்திருக்கிறது.

என் பெரியப்பா ஒருவரைப் பற்றி இங்கே சொல்லலாம். கரும்பு வெட்டப் போன இடத்தில் ஆயில் என்ஜின் களவு போன கேசில் பிடித்துக்கொண்டு போனார்கள். வேறு மாவட்டம், ஸ்டேஷன் பேர் எதற்கு. நாலு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அடித்ததைப் பற்றி அவர் அதிகம் பேசினதில்லை. கேட்டால் முதுகைத் திருப்பி, “இங்கிட்டு, அப்புறம் இங்கிட்டு” என்று சந்தைக்கு வழி சொல்கிற மாதிரி சொல்வார். அவர் திரும்பத் திரும்பப் பேசினது வேறு ஒன்றைப் பற்றி. விடும்போது வெத்துத் தாளில் கைநாட்டு வாங்கினார்கள். ஒன்றா, இரண்டா, எத்தனை தாள் என்று அவருக்கு நினைவில்லை. அதில் பின்னால் என்ன எழுதினார்கள் என்பதும் தெரியாது. சாகிறவரைக்கும் ஜீப் சத்தம் கேட்டால் பெருவிரலைத் துண்டில் துடைத்துக்கொள்வார். “அடி ஆறிப்போச்சுடா. அந்தத் தாளு எங்க இருக்குன்னுதான் தெரியல.” எழுதப் படிக்கத் தெரியாத மனுசனுக்கு அதிகாரத்தின் எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. வெற்றிமாறனின் படம் ஒரு மணி நேரம் அடித்துக் காட்டிவிட்டுத்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்கிறது.

சட்டத்துக்கும் இது தெரியும். போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று 1872இலேயே சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவில் வெள்ளைக்காரன் எழுதிவைத்தான். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற புதிய சட்டத்திலும் 23ஆவது பிரிவாக அதுவே இருக்கிறது. தன் போலீசைத் தானே நம்பாத அரசாங்கம் நூற்றைம்பது வருசமாக அதே போலீசை வைத்து ஆட்சி நடத்துகிறது. ஸ்டேஷனில் சொன்னது செல்லாது என்பதால்தான் நீதிபதி முன்னால் தன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைக்க வேண்டியிருக்கிறது. படத்தின் குண்டூர் அடி எல்லாம் அதற்காகத்தான். கைது செய்தால் உறவினருக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது. உறுதிசெய்யவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய சட்டமுன்வரைவும் மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. கைநாட்டு வாங்குவதில் இருக்கிற வேகம் கையெழுத்தை நிறைவேற்றுவதில் இல்லை.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 2022 டிசம்பர் 26இல் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே வந்தது. மறுநாள் கலெக்டரும் எஸ்.பி.யும் வந்தார்கள், டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததும் அய்யனார் கோயிலுக்குள் நம்மாட்களை விடாததும் அவர்கள் கண் முன்னாலேயே தெரிந்தது. பிறகு விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஒத்துக்கொள்ளச் சொல்லித் தங்களையே நெருக்குகிறார்கள் என்று அந்தத் தெருச் சனங்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். டி.என்.ஏ. சோதனை என்று ரத்தம் எடுத்தார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது அதில் இருந்த மூன்று பேரும் அதே தெருப் பையன்கள். செய்தார்களா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியது கோர்ட்டு. நான் சொல்ல வருவது வேறு. இரண்டு வருசம் பாதிக்கப்பட்டவர்களாக இருந்த ஒரு தெரு, ஒரு காலைப் பொழுதில் ஒரு தாளின் மூலம் குற்றவாளித் தெருவாக மாறியது. அதற்குப் பிறகு இரட்டைக் குவளையைப் பற்றி, கோயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. தொட்டியைப் பற்றிய தாளில் அவற்றுக்கு இடம் இல்லை.

ஆலங்குடி தாலுகாவிலேயே வடகாட்டில் 2025 மே 5ஆம் தேதி இரவு நம்மாட்கள் தாக்கப்பட்டார்கள், வீடு எரிந்தது, வண்டிகள் நொறுங்கின. அம்மன் கோயில் தேரோட்டத்து நாள். விடிந்ததும் காரணத்துக்கு இரண்டு தலைப்பு இருந்தது. பெட்ரோல் பங்கில் இளவட்டங்களுக்குள் நடந்த தகராறு என்றது போலீஸ். கோயில் பற்றியும் நிலம் பற்றியும் நெடுநாளாக இருக்கிற பகை என்றார்கள் அடிபட்டவர்கள். தலைப்பு எதுவோ அதன்படிதான் பிரிவு, பிரிவு எதுவோ அதன்படிதான் ஜாமீன். தீயை எல்லோரும் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், நாடெல்லாம் அனுப்பினார்கள். தலைப்பு எழுதப்பட்டதை யார் பார்த்தார்கள்? நம்முடைய முதல் பாதி எல்லாச் சேனலிலும் ஓடுகிறது. இரண்டாம் பாதி நடக்கிற அறைக்குள் கேமரா போவதில்லை. சினிமாவில்தான் போகிறது.

அதிசயமாக எங்காவது போய்விடுவதும் உண்டு. பக்கத்துச் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணாமல்போன புகாரில் விசாரிக்கப்பட்டு 2025 ஜூன் 28இல் செத்துப்போனார். வயது 27. அடித்த இடம் ஸ்டேஷன் இல்லை, கோயிலுக்குப் பின்பக்கம். ஸ்டேஷனில் கேமரா மாட்டச் சொல்லி உச்சநீதிமன்றம் 2020இல் உத்தரவிட்டிருக்கிறதே, அதனால் அடி வெளியே வந்துவிட்டது. ஆனால் ஒருவர் கழிப்பறைக்குள் நின்று ஜன்னல் வழியாக செல்போனில் எடுத்துவிட்டார். அந்தச் சில நொடிப் படம் இல்லாவிட்டால் அந்தச் சாவும் வலிப்பு வந்து செத்தான், தப்பி ஓடும்போது விழுந்தான் என்று ஒரு தாளாக முடிந்திருக்கும். எடுத்தவர் பிறகு தன் உயிருக்குப் பாதுகாப்பு கேட்டார். படத்தில் பாண்டிக்கும் அப்சலுக்கும் முருகனுக்கும் அதைக் கேட்க ஓர் இடமும் இருக்கவில்லை.

படத்தின் மேல் எனக்கு வழக்கு இல்லாமலும் இல்லை. இந்த நாலு பேரும் என்ன சாதி என்று படம் சொல்ல மாட்டேன் என்கிறது. ஏழை, தமிழன், அனாதை என்று மூன்று பேர் வைக்கிறது, நாலாவது பேரை விழுங்கிவிடுகிறது. சொன்னால் படம் ‘ஒரு பக்கத்துப் படம்’ ஆகிவிடும் என்று பயம் போலிருக்கிறது. பாண்டியிடம் பிரியம் வைத்திருக்கிற வேலைக்காரப் பெண் சாந்தி முதல் பாதியோடு காணாமல் போகிறாள். வீட்டு வேலைக்காரியின் மேல்தான் எல்லா ஊரிலும் களவுப் பழி முதலில் விழும், அவள் கதைக்குள் படம் போகவில்லை.

இன்னொன்று, நம்மைப் போல் சாட்சியம் எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டியது. முதல் பாதி சந்திரகுமாரின் அனுபவம், அதாவது சாட்சியம். இரண்டாம் பாதி அந்தப் புத்தகத்தில் இல்லாதது, வேறு சம்பவங்களைக் கொண்டு கட்டினது. சாட்சியத்தைவிடக் கட்டினது நல்லா இருக்கிறது என்றால் அது சாட்சியத்துக்குக் குறைவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடிபட்டவன் தன் உடம்புக்கு நேர்ந்ததைத்தான் சொல்ல முடியும். கதவுக்கு அந்தப்பக்கம் என்ன எழுதினார்கள் என்பது என் பெரியப்பாவுக்குத் தெரியாத மாதிரி சந்திரகுமாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அந்த அறையை யாராவது கற்பனை பண்ணித்தான் ஆக வேண்டும். நம் எழுத்துகளில் அடியை நன்றாக எழுதியிருக்கிறோம், பசியை நன்றாக எழுதியிருக்கிறோம். அந்த அறையை எழுதினவர்கள் குறைவு. கிளார்க்காகவும் கான்ஸ்டபிளாகவும் இன்று நம்மாட்கள் அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பேனாவை எடுக்க மாட்டார்களா என்று இருக்கிறது. முத்துவேல் மாதிரி ஒருவர் அங்கே என்ன ஆனார் என்பதையும் படம் காட்டுகிறது. கடைசியில் மறுத்துப் பேசின அவரையும் அவர் ஆட்களே விட்டுவைக்கவில்லை. இருட்டு, தண்ணீர், பிறகு சத்தம் மட்டும்.

இப்போது நம் பக்கத்துக் கயிறு மில்லிலும் போர்வெல் வண்டியிலும் பீகார்ப் பையன்கள் வேலை செய்கிறார்கள். ஆறேழு பேர் ஒரு தகரக் கொட்டகையில் படுக்கை, தமிழ் பாதி புரியும். போன மாசம் தோப்பில் ஒரு மோட்டார் ஒயர் காணாமல் போனது. டீக்கடையில் பத்து நிமிஷத்துக்குள் முடிவாகிவிட்டது, ‘வடக்கன் வேலைதான்.’ முடிவு பண்ணினவர்களில் ஊர்க்காரர் இருந்தார், காலனிக்காரரும் இருந்தார். ‘விசாரணை’யை இரண்டு தடவை பார்த்தவனும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். ஒயர் இரண்டு நாளில் தோப்புக்காரர் மச்சான் வீட்டில் கிடந்தது, அவரே எடுத்துப்போய் மறந்திருக்கிறார். அதற்குள் கொட்டகையைச் சோதனை போட்டு, அந்தப் பையன்களின் துணிமூட்டையை அவிழ்த்து முற்றத்தில் கொட்டியிருந்தார்கள். அவர்கள் எதுவும் சொல்லாமல் பொறுக்கிக் கட்டினார்கள். தோப்புக்காரர் மறுநாள் போய், “வந்து அந்தத் தேங்காமட்டைய எல்லாம் கொஞ்சம் அள்ளிப் போட்டுட்டுப் போங்கப்பா” என்றார். போய் அள்ளிப் போட்டுவிட்டு வந்தார்கள்.